கொயினாவில் தெரிந்த நீல ஒளி

ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1819-ம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் ஸ்கிரீன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பாதிரியார்.

ஸ்டோக்ஸ் கணக்கில் சூரப்புலி! 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலாவதாகத் தேறினார். முன்பு நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவி 1849-ல் அவருக்குக் கிடைத்தது. 1903-ல் இறக்கும்வரை அதில் இருந்தார்.

மலேரியா காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தைக் கரைத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். இருட்டறையில் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பல நிறங்களாகப் பிரித்தார். ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் குழாயை வைத்தார். மருந்து நீலமாக ஒளிர்ந்தது!

கண்ணுக்குத் தெரியாத ஒளியை மருந்து விழுங்கி, வேறு ஒளியாகத் திருப்பித் தந்தது. 1852-ல் இதை வெளியிட்ட ஸ்டோக்ஸ், "புளோரசன்ஸ்" என்று பெயர் சூட்டினார். இப்படி ஒளிரும் புளோர்ஸ்பார் என்ற கல்லிலிருந்து வந்த பெயர் அது.

இதனால் என்ன பயன்?

கணையத்தில் இன்சுலினோமா என்ற கட்டி அபூர்வமாக வரும். மிகச் சிறியது, ஆனால் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை குறைந்து நோயாளி மயங்கி விழுவார். வயிற்றைத் திறந்தும் கட்டி அகப்படாவிட்டால் ஆபத்து நீங்காது.

இப்போது சில டாக்டர்கள் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். ரத்த ஓட்டம் மிகுந்த கட்டி, தனி விளக்கின் ஒளியில் ஒளிர்கிறது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. போன ஒளி வேறு, திரும்பும் ஒளி வேறு என்பதால், கேமரா திரும்புவதை மட்டும் பிரித்துத் திரையில் காட்டுகிறது. ஆழத்தில் உள்ள கட்டி சில வேளை தப்பிவிடும்.

கணக்குப் பேராசிரியர் கொயினாவில் கண்ட உண்மை, இன்று அறுவை மேஜையில் டாக்டருக்குக் கை கொடுக்கிறது.