பனிமலை ஆசான் டென்சிங்

மார்கழி மாதத்து விடியற்காலையிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்லும் நம் வாலிபர்களுக்குப் பனி என்பது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும், தலையிலே துவாயைச் சுற்றிக்கொள்ளச் செய்யும் மெல்லிய குளிருமேயாகும். மலையோ அதுவுமில்லை. கீரிமலை என்ற பெயரை வைத்துக்கொண்டு திருப்தியடையும் சமதரையிலே நாம் வாழ்கிறோம். ஆயினும் இமயம் நமக்கு அந்நியமன்று. திருக்கயிலாயத்தை நாள்தோறும் நினைந்து வணங்குகிறோம். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம் அந்த இமயத்திலேதான் இருக்கிறது. அப்பர் பெருமான் உடல் தேயத் தேயக் கயிலையை நோக்கிச் சென்ற வரலாற்றைக் கேட்டு உருகாதார் நம்முள் யார்?

அந்த இமயத்தின் அடியிலே வளர்ந்து, பனியிலும் பனிக்கட்டியிலும் ஏறும் வித்தையைக் கற்று, பின்னர் அதனைப் பிறருக்குக் கற்பித்த ஒருவரின் வாழ்க்கையை இம்மலரிலே சிந்திக்க விரும்புகிறோம். அவரே டென்சிங் நோர்கே. எவரெஸ்ற் சிகரத்தில் ஏறியவர் என்று அவரை உலகம் அறியும். அவர் எவ்வாறு கற்றார், எவ்வாறு கற்பித்தார் என்பதைப் பலர் அறியார்.

1914ஆம் ஆண்டிலே, கவரிமாடு மேய்க்கும் ஏழைச் சேர்ப்பாக் குடும்பத்திலே, பதின்மூன்று பிள்ளைகளுள் பதினோராமவராக அவர் பிறந்தார். நேபாளத்தின் கும்புப் பிரதேசத்திலே, எவரெஸ்ற்றுக்குத் தெற்கேயுள்ள தாமே என்னும் ஊரிலே வளர்ந்தார். பள்ளிக்கூடம் போகும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. சேர்ப்பா மக்கள் பௌத்தர்கள். மலைச் சிகரங்களைத் தெய்வங்களின் இருப்பிடமாகப் போற்றுபவர்கள். சிறு வயதிலேயே மலையேற வேண்டுமென்ற ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. பதினெட்டு வயதளவிலே வீட்டை விட்டுப் புறப்பட்டு, மலையேறும் குழுக்கள் கூலியாட்களைச் சேர்க்கும் டார்ஜிலிங் நகரை அடைந்தார்.

1935ஆம் ஆண்டு எரிக் சிப்டன் என்ற ஆங்கிலேயர் எவரெஸ்ற்றை ஆராயச் சென்ற குழுவிலே சுமை தூக்குபவராக அவருக்கு முதன்முதல் இடம் கிடைத்தது. 1936இலும் 1938இலும் மீண்டும் சென்றார். 1938இலே 27,000 அடிக்கு மேலே சுமை கொண்டு சென்றமைக்காக, இமாலயக் கழகம் சிறந்த சேர்ப்பாக்களுக்கு வழங்கும் புலிப் பதக்கத்தைப் பெற்றார்.

சுமை தூக்கச் சென்றவர்களுக்கு அக்காலத்திலே பள்ளியுமில்லை, பாடமுமில்லை. முன்னே செல்பவர் செய்வதைப் பார்த்துப் பின்னே செல்பவர் பழக வேண்டியதுதான். நம்மூரிலே பனை ஏறுகின்றவர் தளைநாரைக் காலிலே மாட்டி, உடம்பின் பாரத்தை எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது என்பதைத் தகப்பனைப் பார்த்தன்றோ பழகுகிறார்? டென்சிங் கற்றதும் அவ்வாறே.

அந்த வித்தை யாதெனச் சிறிது அறிந்துகொள்வோம். பனிமலை ஏறுபவரின் கையிலே பனிக்கோடரி இருக்கும். அதன் தலையிலே ஒருபுறம் கூரிய அலகும், மறுபுறம் மண்வெட்டி போன்ற தட்டையான அலகும், காம்பின் அடியிலே ஈட்டிமுனையும் உண்டு. அதனாற் செங்குத்தான பனிக்கட்டியிலே படி வெட்டலாம். மூடிய பனியின் கீழே பிளவு உண்டா எனக் குத்திப் பார்க்கலாம். சப்பாத்தின் அடியிலே இரும்பு முட்சட்டத்தைக் கட்டிக்கொண்டு, எல்லா முட்களும் ஒருங்கே பதியும்படி அடியெடுத்து வைக்கவேண்டும். கால் சறுக்கினால் அக்கணமே முகத்தைச் சரிவுப் பக்கமாகத் திருப்பிக் குப்புற விழுந்து, தோளுக்கு அருகிலே கோடரியின் அலகைப் பனியிற் பதித்து, மார்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் அழுத்தவேண்டும். இரண்டொரு கணம் தாமதித்தால் வேகம் மிகுந்துவிடும். பின்பு எவராலும் நிறுத்த இயலாது. ஆகையால் ஆபத்தில்லாத சரிவிலே வேண்டுமென்றே நூறுமுறை விழுந்து பழகுகிறார்கள். யோசித்துச் செய்வதற்கு நேரமில்லாத காரியத்தை உடம்பு தானே செய்யும்படி பழக்குவதே இப்பயிற்சியின் உயிர்நிலை.

1947ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்துக் குழுவொன்றுடன் டென்சிங் கேதார்நாத் மலைக்குச் சென்றார். ஆம், திருக்கேதாரத்துக் கோயிலுக்குப் பின்னே வெண்மையாய் எழுந்து நிற்கும் மலைதான் அது. அங்கே வாங்டி நோர்பு என்னும் தலைமைச் சேர்ப்பா சறுக்கி வீழ்ந்து படுகாயமடைந்தார். அவரை மீட்டுக் கொணரும் முயற்சியிலே டென்சிங் முன்னின்றார். அதன்பின் சேர்ப்பாக்களின் தலைமை அவரிடம் வந்தது. அக்குழு 22,769 அடி உயரமான சிகரத்தை அடைந்தபோது அவரும் உடனிருந்தார். கூலியாளாய்ச் சென்றவரைச் சமமான தோழராக நடத்திய சுவிஸ் மக்களின் பண்பை அவர் என்றும் மறந்தாரில்லை.

ஏறுவதற்குக் கற்றவர் திரும்புவதற்கும் கற்றிருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் இறுதியிலே மூன்று ஆங்கிலேயருடன் நங்கபர்வதத்துக்குச் சென்றார். கடும் பனிக்காலம் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்திலே மேலே செல்வது சாவை அழைப்பதாகும் என்று கண்டு, டென்சிங்கும் பிற சேர்ப்பாக்களும் மேற்செல்ல மறுத்தனர். ஆங்கிலேயர் தாமே சென்றனர். தோண்லி, கிறேஸ் என்ற இருவர் பனியிலே மறைந்தனர். மூன்றாமவர் மட்டும் குளிராற் பாதிக்கப்பட்டுத் திரும்பினார். இளைஞர்களுக்குத் துணிவு வேண்டுமென்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அறிவோடு கூடிய அச்சமும் துணிவின் பகுதியே என்பதை இந்நிகழ்ச்சி நமக்குப் புகட்டுகிறது.

1952இலே சுவிஸ் குழுவினருடன் எவரெஸ்ற்றிலே ஏறினார். முன்னொரு பனிக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையிலே அகப்பட்டுக் கால்விரல்களை இழந்த றேமண்ட் லம்பேட் என்பவரே அவருடைய தோழர். இருவரும் படுக்கைப் பையும் அடுப்பும் இல்லாமல், மெழுகுதிரிச் சுடரிலே சிறிது பனியை உருக்கிக் குடித்து, ஒருவரை ஒருவர் தட்டியும் தேய்த்தும் உறைந்துபோகாமல் ஓரிரவைக் கழித்தனர். மறுநாள் 28,200 அடி வரை சென்று, உச்சிக்கு ஏறத்தாழ 800 அடி இருக்கையில் திரும்பினர்.

அடுத்த ஆண்டு ஜோன் ஹண்ட் தலைமையிலான பிரித்தானியக் குழுவிலே சேர்ந்தார். கும்புப் பனியாற்றிலே எட்மண்ட் ஹிலறி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தபோது, கால் வைத்த பனி இடிந்து உள்ளே வீழ்ந்தார். கயிற்றின் மறுமுனையிலே இருந்த டென்சிங் அக்கணமே கோடரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை இறுக்கித் தாங்கிக்கொண்டார். பதினெட்டு ஆண்டுக் கல்வி அந்த ஒரு கணத்திலே பயன் தந்தது. 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி முற்பகல் 11.30 மணிக்கு அவ்விருவருமே உலகின் உச்சியில் நின்றனர். கடல்மட்டத்திலுள்ள காற்றழுத்தத்தின் மூன்றிலொரு பங்கே உள்ள அவ்விடத்திலே, டென்சிங் பனியைத் தோண்டி, இனிப்புகளையும் தம் மகள் தந்த சிறு பென்சிலையும் தெய்வங்களுக்குக் காணிக்கையாகப் புதைத்தார்.

முதலிற் கால் வைத்தவர் யார் என்று நாடுகள் வாதாடின. தாமே முதல்வர் என்று சொல்லியிருந்தால் ஆசிய மக்கள் அவரைத் தலைமேற் கொண்டாடியிருப்பர். எனினும் 1955இல் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்றிலே, ஹிலறியே முன்னே அடி வைத்தார், தாம் அவருக்குப் பின்னே வந்தார் என்ற உண்மையை அவர் ஒளிக்காது சொன்னார். ஒரே கயிற்றிற் கட்டுண்டு, ஒருவர் உயிரை மற்றவர் தாங்கிச் சென்றவர்களுக்கு முன் பின் என்பது என்ன?

இனி வருவதே நாம் முக்கியமாகக் கருதும் பகுதி. பாரதப் பிரதமர் நேருவும் மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர றோயும், இந்திய இளைஞர்களுக்கு மலையேற்றம் கற்பிக்க ஒரு கல்லூரி வேண்டுமென எண்ணினர். கற்பிக்க வல்லவர் டென்சிங் என்பதில் ஐயமில்லை. ஆனால் தாம் செய்வது வேறு, பிறர் செய்யும்படி சொல்லிக்கொடுப்பது வேறு. ஆகவே 1954இலே, உலகமெல்லாம் புகழ்ந்த அந்த மனிதர், தமது நாற்பதாவது வயதிலே, ஆறு சேர்ப்பாக்களுடன் சுவிற்சர்லாந்து சென்று, றோசன்லாவியிலே ஆர்னோல்ட் கிளற்ஹாட் என்ற ஆசிரியரிடம் மாணாக்கராய்ப் பயின்றார். உலகின் உச்சியைத் தொட்டவர், மலையேறும் பள்ளியிலே மீண்டும் போய்ச் சேர்ந்தார்!

அவ்வாண்டு நவம்பர் 4ஆந் திகதி டார்ஜிலிங்கிலே இமாலய மலையேற்றக் கல்லூரி நிறுவப்பட்டது. மேஜர் நரேந்திர தர் ஜயால் அதன் முதல் தலைவரானார். டென்சிங் களப்பயிற்சி இயக்குநரானார். மாணாக்கர் முதலிற் கற்பாறையிலே ஏறிப் பழகி, பின் மேற்குச் சிக்கிமிலே 14,000 அடிக்கு மேலுள்ள சௌரிகாங் முகாமுக்கு நடந்து சென்று, அங்குள்ள பனியாற்றிலே கோடரியும் கயிறும் கையாளக் கற்றனர். பார்த்துத் திருடிக் கற்கவேண்டியிருந்த வித்தை முறையான பாடமாயிற்று. 1976 வரை அப்பதவியிலே இருந்து, பின்னர் ஆலோசகராய் விளங்கி, 1986 மே 9ஆந் திகதி டென்சிங் மறைந்தார்.

விதைத்தது வீண்போகவில்லை. அவருடன் சுவிற்சர்லாந்தில் பயின்ற மருகர் நவாங் கொம்பு, 1963இலும் 1965இலும் எவரெஸ்ற்றில் ஏறி, அச்சிகரத்தை இருமுறை அடைந்த முதல் மனிதரானார். 2016 மே 21ஆந் திகதி இலங்கையர் ஒருவர் முதன்முதலாக அங்கே நின்றார். அவர் ஒரு பெண்மணி. ஜயந்தி குரு உதும்பால. அவரும் அந்த டார்ஜிலிங் கல்லூரியிலே பயின்றவரே. மலையைக் காணாத குடாநாட்டாராகிய நமக்கும் டென்சிங்குக்கும் இடையேயுள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவுதான்.

பரீட்சை தேறிச் சான்றிதழ் கைக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பதவி வந்தபின் ஒருவரிடம் சென்று கேட்டறிவதை இழிவென்று எண்ணுகிறோம். தாம் கற்றதைத் தம்மோடே வைத்துக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் இல்லாமலில்லை. எழுத்தறியாத ஒரு சுமைகாரர் இம்மூன்று குறைகளையும் வென்றார். பார்த்துக் கற்றார், சிகரத்தை அடைந்தபின்னும் கற்றார், கற்றதனைத்தையும் பிறருக்குக் கொடுத்தார். நம் சங்கத்து வாலிபர் ஒவ்வொருவரும் இவ்வாண்டிலே புதிதாய் ஒன்றைக் கற்கவும், தாம் அறிந்த ஒன்றை இளையவர் ஒருவருக்குக் கற்பிக்கவும் உறுதி கொள்வாராக. கயிலைநாதன் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.