ஜி. டி. நாயுடு

கோபாலசுவாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். முறையான பொறியியல் கல்வி பெறாத இவர், தொழிற்கல்வியின் கால அளவைக் குறைக்க வேண்டும் என வலியுறுத்தியவர்.

இளமை

கோவை மாவட்டத்தின் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டுவிட்டார். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோவையில் உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதனை வாங்கினார். அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திர நுட்பத்தைக் கற்றுக்கொண்டார்.

தொழில்

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார். இதுவே பின்னர் யூ.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து உருவாக்கிய மின்னோடி, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்னோடியாகக் கூறப்படுகிறது. 1952இல் குறைந்த விலையில் இரண்டு இருக்கைகள் கொண்ட சிற்றுந்து ஒன்றை வடிவமைத்தார். அரசின் உரிமம் கிடைக்காததால் அதன் உற்பத்தி நடைபெறவில்லை.

கல்விப் பணி

கோவையில் ஒரு பாலிடெக்னிக், சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் இவரது முயற்சியாலும் நன்கொடையாலும் தோன்றியது. அதே பெயரில் அமைந்த பொறியியல் கல்லூரிக்கு 1945இல் முதல்வராகவும் இருந்தார். அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

நான்காண்டுப் படிப்பு காலவிரயம் என்றும், அதே பாடங்களை இரண்டு ஆண்டுகளில் கற்பிக்க இயலும் என்றும் இவர் கருதினார். ஆங்கிலேய அரசு இதனை ஏற்காததால் பதவியிலிருந்து விலகினார். ஏழை மாணவருக்குப் படிப்பின் ஒவ்வோர் ஆண்டும் கட்டணச் செலவு மட்டுமன்று. ஈட்டாமல் இழந்த ஊதியமுமாகும். ஆயினும் பட்டம் கோரும் பணிகளுக்குக் குறுகிய காலச் சான்றிதழ் போதுவதில்லை என்பது இதன் மறுபக்கம்.

பிற்காலத்தில்

குறுகிய காலத் தொழிற்கல்வி தரும் சமுதாயக் கல்லூரிகள் 1990களில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கப்பட்டன. அமெரிக்காவின் ஈராண்டுக் கல்லூரிகள் பற்றிய ஆய்வுகள், அங்குப் படிப்பை முடித்தவர்கள் பள்ளியோடு நின்றவர்களைவிடச் சராசரியாகக் கூடுதலாக ஈட்டுவதையும், அந்த வேறுபாடு துறைக்குத் துறை மாறுவதையும் காட்டுகின்றன. மறைமலை நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் பகுதிகளின் வாகனத் தொழிற்சாலைகளில் பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பெருமளவில் பணிபுரிகின்றனர்.

மறைவு

நாயுடு 1974இல் தமது 80ஆம் வயதில் காலமானார். கோவையில் இவர் பெயரில் அருங்காட்சியகம் உள்ளது.