கரும்பலகையை விட்டு வந்தவர்

கணிதம் கற்பித்துக் காலங்கழித்தவன் நான். கற்றவன் அரசியலில் இறங்கலாகாது என்பது வகுப்பறையிலே நான் அடிக்கடி சொல்லிவந்த புத்திமதிகளுள் ஒன்று. அந்தப் புத்திமதியை நானே ஐயுறும்படி செய்துவிட்டது ஒரு பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை. போல் பன்லவே என்பது அவர் பெயர். வகையீட்டுச் சமன்பாடுகள் பற்றிய நூலொன்றிலேதான் அப்பெயரை முதலிற் கண்டேன். பல ஆண்டுகள் கழித்து முதலாம் உலக மகாயுத்தத்தின் வரலாற்றைப் படிக்கையில், யுத்த மந்திரி ஒருவருக்கும் அதே பெயர் இருக்கக் கண்டு, இவர் வேறொருவர் என்றெண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இருவரும் ஒருவரே என்று அறிந்த நாள்முதல் அவர் என் நினைவை விட்டு அகலவில்லை.

1863ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி அவர் பாரிஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் கல்லச்சுக்குச் சித்திரம் வரைந்து வாழ்ந்தவர். மைந்தரோ 1887இல், இருபத்துநான்கு வயது நிரம்புமுன்னரே, கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். லீல் நகரிலே ஆசிரியப் பணி தொடங்கி, 1892இற் பாரிசுக்குத் திரும்பினார். 1900இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது.

அவருடைய ஆராய்ச்சியைச் சுருங்கச் சொல்வதாயின், ஒரு சமன்பாட்டின் தீர்வு எவ்விடத்தில் ஒழுங்காக நிற்கும், எவ்விடத்தில் முறிந்துபோகும் என்பதை முன்னறியும் முயற்சி எனலாம். அம்முயற்சியிற் பிறந்த ஆறு சமன்பாடுகள் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வான்கோள்கள் ஒன்றையொன்று ஈர்த்தியங்குகையில், மோதல் நிகழாமலே அவ்வியக்கம் ஒரு குறித்த காலத்துள் முறிந்துபோக முடியுமா என்ற வினாவையும் அவர் எழுப்பினார். முடியும் என்பதற்கு ஐந்து பொருள்களைக் கொண்ட நிறுவல் அச்சேறியது 1992இலேதான்.

இத்தகைய மனிதரை அரசியலுக்கு இழுத்து வந்தது ஒரு பொய். டிரைபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி, தேசத் துரோகி என்று 1894இற் பிழையாகத் தீர்க்கப்பட்டுத் தீவாந்தரம் அனுப்பப்பட்டார். அவருடைய மனைவியின் உறவினர் சாக் அடமார் என்னும் கணித மேதை. அடமாரும் பன்லவேயும் அவ்வழக்கைப் பற்றித் தனிமையிலே பேசிய பேச்சு ஒன்று, திரிக்கப்பட்டு, டிரைபசுக்கு எதிரான சான்றாக இராணுவத்தின் இரகசியக் கோவையில் ஏறிவிட்டது. தம் பெயரால் ஒரு பொய் நிற்பதைப் பன்லவே பொறுக்கவில்லை. 1899இல் ரென் நகரில் நடந்த மறுவிசாரணையிலே தளபதிகளின் முகத்துக்கு நேரே நின்று உண்மையைச் சாட்சியங் கூறினார். பிழையான ஒரு வரியை அழித்துத் திருத்த எழுந்தவர், பின்னர் தம் ஆசனத்துக்கு முழுமையாகத் திரும்பவேயில்லை.

1901இல் திருமணம், மறு ஆண்டிலேயே, ஆண்குழந்தை ஒன்றைப் பெற்றுத் தந்து மனைவி மறைந்தார். அக்குழந்தை சான் பன்லவே, பிற்காலத்திற் கடல்வாழ் உயிர்களைப் படம்பிடித்துப் புகழ்பெற்றார். 1908 அக்டோபரில், வில்பர் ரைட் ஓட்டிய ஆகாய விமானத்திலே பன்லவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பறந்தார். பறத்தலின் இயக்கவியலை மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1910இல், பாரிஸ் நகரின் கல்விக்கூடங்கள் செறிந்த ஐந்தாம் வட்டாரம் அவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவு செய்தது. அத்துடன் வெண்கட்டியைக் கீழே வைத்தார்.

1915இற் கல்வி மந்திரியானார். அடுத்த ஆண்டின் முடிவில் நிவேல் என்பவர் பிரெஞ்சுச் சேனைக்குத் தலைமை ஏற்றபோது, அந்நியமனத்தை ஒப்பாது மந்திரிசபையில் நீடிக்க மறுத்தார். ஆயினும் 1917 மார்ச்சில், புதிய அரசாங்கத்தின் யுத்த மந்திரியாக அந்த நிவேலுக்கே மேலாளராக அமர நேர்ந்தது. ஜெர்மானியரின் அணியை இரண்டு நாட்களுள் உடைத்துவிடலாம் என்பது நிவேலின் வாக்கு. பன்லவே மற்றத் தளபதிகளைத் தனித்தனியே வினவினார். அவர்களுட் பலர் நம்பிக்கையிழந்திருந்தனர்.

ஏப்ரல் 6ஆந் திகதி கொம்பியேன் என்னுமிடத்தில், குடியரசுத் தலைவரின் புகையிரதத்திலே ஆலோசனை கூடிற்று. ஐயங்கள் வெளிவந்தன. நிவேல் பதவி விலகுவதாகக் கூறினார். நேச நாடான பிரித்தானியா அத்திட்டத்தை ஏற்றிருந்தது. அதன் சேனை தன் பங்குக்குத் தாக்கத் தயாராய் நின்றது. படையெடுப்பின் வாயிலிலே சேனாதிபதியை இழக்க ஒருவருக்கும் துணிவில்லை. விலகலை ஒருவரும் ஏற்கவில்லை, பன்லவேயும் ஏற்கவில்லை. பத்து நாள் கழிந்து, ஏப்ரல் 16இல், தாக்குதல் தொடங்கியது. பிரெஞ்சு அணியில் இறந்தோரும் காயமுற்றோரும் ஓர் இலட்சத்தைத் தாண்டினர். எதிரியின் அணி உடையவில்லை. மனம் வெறுத்த படைவீரர் முன்செல்ல மறுத்துக் கலகஞ் செய்தனர்.

இவ்விடத்தை வாசிக்குந்தோறும் என் உள்ளம் கனக்கின்றது. தீர்வு முறியும் இடத்தைக் காண்பதையே தொழிலாகக் கொண்டவர் அவர். இங்கும் அதைக் கண்டார். ஆனால் நிறுவிக் காட்ட வழியில்லை. நிறுவாததை மற்றவர்மீது சுமத்தலாகாது என்பது கணிதத்தின் அறம். நிறுவல் வந்து சேரும்போது பிணங்கள் வீழ்ந்திருக்கும் என்பது யுத்தத்தின் நியதி. முன்னதிலே பழகியவர் பின்னதிலே தயங்கினார்.

தயங்கியவர் ஒளிந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மே மாதத்தில் நிவேலை நீக்கிப் பெத்தேனைச் சேனைத் தலைவராக்கினார். பொஷ் என்பவரைப் படைத்துறைப் பிரதானியாக்கினார். பெத்தேன் கலகத்தைத் தணித்தார். பொஷ் மறு ஆண்டு நேச நாட்டுச் சேனைகளை வெற்றிக்கு இட்டுச் சென்றார். செப்டம்பரிற் பிரதம மந்திரியான பன்லவே, இரண்டு மாதத்தில் வாக்கெடுப்பிலே தோற்று வெளியேறினார். தாக்குதலை அனுமதித்தாரே என்று ஒருசாரார் பழித்தனர். அதை இடைநடுவில் நிறுத்தினாரே என்று மறுசாரார் தூற்றினர். பொஷ், பெத்தேன் ஆகியோரைத் தாம் நியமித்த வரலாற்றை 1923இல் ஒரு நூலாக எழுதி விடை கூறினார்.

1925இல் மீண்டும் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபரிலே ஜெர்மனியுடன் லொக்கார்னோ உடன்படிக்கை கைகூடியது. பின்னர் யுத்த மந்திரியாகவும் விமானத்துறை மந்திரியாகவும் இருந்தார். இவ்வளவுக்கும் நடுவே 1921இல் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைப் பற்றி அவர் எழுதியது, பிற்காலத்திற் கருந்துளைகளை ஆராய்வோருக்குப் பயன்பட்டது. 1933 அக்டோபர் 29இல் மறைந்தார். தேசப் பெரியோர் துயிலும் பந்தியோன் மண்டபத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

கணிதத்திலேயே அவர் நிலைத்திருந்தால் இன்னும் எத்தனை தேற்றங்கள் கிடைத்திருக்குமோ என்று ஒருகாலத்தில் நான் ஏங்கியதுண்டு. இன்று அந்த ஏக்கம் தணிந்துவிட்டது. அவர் அம்மந்திரிசபையில் இல்லாதிருந்தால் கொம்பியேனிலே அந்த ஐயமும் எழுந்திராது. கற்றவன் அரசியலுக்குப் போகலாகாது என்று இப்போது நான் எவருக்கும் சொல்வதில்லை. போகிறவன் தன் ஐயத்தை நிறுவலுக்காகக் காக்க வைக்காதிருக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று மட்டும் சொல்கிறேன். பதவியைத் துறந்தேனும் விலக்கவேண்டிய தீமை ஒன்றை ஏப்ரல் 6ஆந் திகதி அவர் கண்டார். அந்த ஒரு நாளிலே அவர் பதவியைத் துறக்கவில்லை. டிசம்பரில் அவரே செய்து காட்டிய செயல்தான் அது.