கணிப்பொறிக்கு மொழி தந்த அம்மையார்

ஒரே சொல்லை இருவரிடம் சொன்னால் இருவரும் இருவிதமாகப் பொருள் கொள்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். கணிப்பொறியும் அப்படிச் செய்யும். அதனைச் சீர்செய்ய அரும்பாடுபட்டவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

அவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதிலேயே வீட்டிலிருந்த அலாரம் கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தவர். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாஸர் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், கடற்படையில் சேர முன்வந்தார். உடல் எடை போதாது என்றார்கள். விலக்குப் பெற்றுச் சேர்ந்தார். மறு ஆண்டே ஹார்வர்டில் மார்க்-1 கணிப்பொறியில் பணி கிடைத்தது.

அந்நாளில் கட்டளைகளை எண்களாகவே எழுத வேண்டும். ஒரே கணக்கை மீண்டும் மீண்டும் எழுதுவதில் பிழைகள் மலிந்தன. எழுதி வைத்த பகுதிகளைக் கணிப்பொறியே எடுத்துக் கோத்துக்கொண்டால் என்ன என்று சிந்தித்தார் அம்மையார். 1952இல் ஏ-0 என்னும் கம்பைலர் பிறந்தது. பின்னர் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் ஃப்ளோ-மாட்டிக் மொழியை உருவாக்கினார். 1959இல் தொடங்கிய கோபால் மொழிக்கு அது வழிகாட்டியாயிற்று. கணித மேதைகளுக்கு மட்டுமே திறந்திருந்த கதவு எளியோருக்கும் திறந்தது.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே கம்பைலர் எழுதியது. ஒன்று ஏற்ற நிரலை மற்றொன்று மறுத்தது. 1966இல் ஓய்வுபெற்ற அம்மையாரைக் கடற்படை 1967இல் ஆறு மாதத்திற்கென மீண்டும் அழைத்தது. அவரோ 1986 வரை பணியாற்றினார்! கோபால் கம்பைலர்கள் இலக்கணப்படி நடக்கின்றனவா என்று ஆராயும் சோதனை நிரல்களை அவரது குழு உருவாக்கியது. நமக்குத் தேர்வு இருப்பதுபோல் கம்பைலருக்கும் தேர்வு!

இச்சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. நாம் பயிலும் சி மொழியையே பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ஓடிய என் நிரல் நண்பரின் கணிப்பொறியில் பிழை காட்டியது. கான்ஸ்ட் என்று அறிவித்த மாறியை, செயற்கூறுகளுக்கு வெளியே, அணியின் அளவாக எழுதியிருந்தேன். கான்ஸ்ட் என்றால் மாற்றாதே என்றுதான் பொருள்; அது உண்மையான மாறிலி ஆகிவிடாது. எனினும் சில கம்பைலர்கள் சலுகை தந்து ஏற்றுக்கொள்கின்றன. வாலடைல் என்று குறித்த மாறியை, நிரல் கேட்கும்போதெல்லாம் நினைவகத்திற்கே சென்று படிக்க வேண்டும். 2008இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 கம்பைலர்களைச் சோதித்தனர். ஒவ்வொன்றும் ஏதேனும் ஓரிடத்தில் இதில் தவறியது. மருத்துவக் கருவியிலோ விமானத்திலோ இத்தவறு நேர்ந்தால் என்னவாகும்?

ரியர் அட்மிரலாக, 79ஆம் வயதில் ஓய்வுபெற்ற அம்மையார் 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கும் கணிப்பொறியோடு பேச மொழி கிடைத்ததென்றால் அதற்கு அவரும் ஒரு காரணம். நண்பர்களே, ஒரு கம்பைலர் ஏற்றுக்கொண்டது என்பதாலேயே நம் நிரல் சரியென்று எண்ணிவிட வேண்டாம். மொழியின் இலக்கணத்தைக் கற்போம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.