பெ. சுந்தரம் பிள்ளை

பெ. சுந்தரம் பிள்ளை (1855 – ஏப்ரல் 26, 1897) தமிழ் நாடக ஆசிரியர், வரலாற்று ஆய்வாளர் மற்றும் தத்துவப் பேராசிரியர் ஆவார். மனோன்மணீயம் என்னும் நாடக நூலை இயற்றியமையால் மனோன்மணீயம் சுந்தரனார் என்றும் அழைக்கப்படுகிறார். தத்துவம் இவர் கல்லூரியில் பயின்ற பாடமாகும். இவருடைய நாடகத்திலும் ஆய்வுகளிலும் அப்பயிற்சியின் தாக்கத்தைக் காணலாம்.

பிறப்பும் கல்வியும்

சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பெருமாள் பிள்ளை, மாடத்தி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். இவருடைய முன்னோர் மதுரையிலிருந்து குடியேறியவர்கள். நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். மறைமலை அடிகளும் இவரிடமே தமிழ் பயின்றவர்.

திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் பயின்று 1876இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கு தத்துவப் பேராசிரியராக இருந்த இராபர்ட் ஆர்வி வாயிலாக ஐரோப்பியத் தத்துவத்தை அறிந்தார். 1880இல் தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் திருவிதாங்கூரில் இப்பட்டம் மிக அரிதாக இருந்தமையால் எம்.ஏ. பிள்ளை என்றே அறியப்பட்டார்.

இரு ஆசிரியர்கள்

முதுகலைப் பட்டம் பெறுவதற்கு முன் சில காலம் திருநெல்வேலியில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். அப்பள்ளி பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கிருந்தபோது கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாக ஏற்றார். இவ்வாறு ஆர்வியிடம் மேலைத் தத்துவமும், சுவாமிகளிடம் வேதாந்த, சித்தாந்தக் கருத்துகளும் கற்றார். ஒன்றை ஏற்பதற்காக மற்றொன்றை இவர் கைவிடவில்லை. மனோன்மணீயத்தை ஆர்விக்குக் காணிக்கையாக்கினார். அந்நாடகத்தில் வரும் சுந்தர முனிவரைத் தம் குருவை மனத்திற்கொண்டு படைத்தார்.

பணி

1882ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் பிறவகைச் சிரஸ்தார் என்னும் பதவி இவருக்குக் கிடைத்தது. அப்பதவியில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் இருந்தார். 1885இல் ஆர்வி விலகியபோது, அவர் வகித்த தத்துவப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றுக் கல்லூரிக்குத் திரும்பினார். இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபையை நிறுவினார். அறிவுத்துறைகளை வகைப்படுத்தும் நூற்றொகை விளக்கம் என்னும் நூலை 1888இல் வெளியிட்டார்.

மனோன்மணீயமும் நாஞ்சில் நாடும்

1891இல் வெளிவந்த மனோன்மணீயம், லிட்டன் பிரபு எழுதிய இரகசிய வழி என்னும் ஆங்கிலக் கதையைத் தழுவியது. தழுவல் எனினும், களத்தைச் சுந்தரம் பிள்ளை தாம் அறிந்த தென்னாட்டில் அமைத்தார். பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் போர் மூளுவதற்கு நாஞ்சில் நாட்டின் மீதான உரிமை காரணமாகிறது. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாடு, இவருடைய காலத்தில் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டுடன் இணைந்தது. தோவாளை வட்டத்திலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து அந்நாட்டிற்குள் நுழையும் வாயிலாகும்.

அமைச்சன் குடிலனை நம்பிச் சீவகன் கெடுவதை, உயிர் மயக்கத்திற்கு ஆட்படுவதன் உருவகமாக விளக்குவர். முனிவரின் மாணவர்களான நிட்டாபரர், கருணாகரர் இருவரின் உரையாடல் நாடகத்தின் தத்துவப் பகுதியாகும். நிட்டாபரர் உலகை விட்டு விலகும் தவத்தையும், கருணாகரர் உலகிற்குத் தொண்டு செய்யும் அருளையும் போற்றுகின்றனர். துறவியான சுந்தர முனிவரோ மன்னன் குடும்பத்தைக் காக்கச் சுரங்கம் அமைக்கிறார்.

வரலாற்று ஆய்வு

சான்றுகளை அளவை முறையில் ஆராய்வதைச் சுந்தரம் பிள்ளை வரலாற்றிலும் கையாண்டார். கல்வெட்டுகளைக் கொண்டு திருவிதாங்கூரின் பண்டை அரசர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். கால்டுவெல் முதலியோர் திருஞானசம்பந்தரின் சமகாலத்தவரான கூன் பாண்டியனைக் கி.பி. 13ஆம் நூற்றாண்டில் வைத்தனர். சுந்தரம் பிள்ளை அதனை மறுத்து, சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிற்பட்டவர் அல்லர் என நிறுவினார். இதனால் தமிழிலக்கிய வரலாற்றின் காலவரிசையே மாறியது.

மறைவும் நினைவும்

அரசு இவருக்கு ராவ் பகதூர் பட்டம் வழங்கியது. இவர் 1897இல் தம் 42ஆம் அகவையில் காலமானார். மனோன்மணீயத்தின் தமிழ்த் தெய்வ வணக்கப் பகுதியைத் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்று, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. 1990இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்திற்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டது.