திரைக்குப் பின்னால் ஒரு மருத்துவர்

டாக்டர் ரஷீத் ஜஹான், பெற்றோர் நிறுவிய பள்ளியோடு ஒருங்கே வளர்ந்தவர். 1905ஆம் ஆண்டு அவர் பிறந்தார். மறு ஆண்டே அவர்தம் தந்தையார் ஷெய்கு அப்துல்லாவும் தாயார் வஹீத் ஜஹான் பேகமும் முஸ்லிம் பெண்மக்களுக்கென அலிகாரில் பள்ளி தொடங்கினர். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்டோர் மலிந்திருந்த காலம் அது.

லக்னோவில் பயின்று, பின்னர் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1929இல் மருத்துவரானார். ஐக்கிய மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்து சிறு நகரங்களில் பணியாற்றினார். ஆண் மருத்துவர் நுழைய இயலாத உள்ளறைகள் அவருக்குத் திறந்தன. ஓயாத பிள்ளைப்பேற்றால் உருக்குலைந்த தாய்மாரை அவர் அறிந்தார். நோய்க்கு மருந்து எழுதலாம். அந்நோயை விளைவித்த வாழ்க்கைக்கு எதை எழுதுவது? இவ்வினாவே அவர் பேனாவைக் கூர்மையாக்கிற்று என்பது என் துணிபு.

1932 டிசம்பரில் லக்னோவில் 'அங்காரே' என்னும் உருதுத் தொகுதி வெளிவந்தது. சஜ்ஜாத் ஸஹீர், அஹமத் அலி, மஹ்மூதுஸ்ஸஃபர் ஆகியோருடன் ரஷீத் ஜஹானும் அதில் எழுதினார். அவர் எழுதியவை ஒரு சிறுகதையும் ஓரங்க நாடகமுமே. கதையில், டெல்லியைக் காட்டுவதாகக் கணவன் மனைவியை அழைத்து வருகிறான். இரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு அவளை அமர்த்திவிட்டு நண்பனோடு போய்விடுகிறான். பர்தாவுக்குள்ளிருந்து அவள் கண்டது அந்த நடைமேடையை மட்டுமே! நாடகத்திலோ, தொடர்ந்து பிள்ளை பெற்றுத் தளர்ந்த ஒரு பேகம் தன் உடல் வேதனையை மற்றொருத்தியிடம் கூறுகிறாள்.

பெரும் புயல் எழுந்தது. 1933 மார்ச்சில் மாகாண அரசு நூலைத் தடை செய்தது. நால்வருள் பெண் அவர் ஒருவரே. ஆதலின் ஏச்சும் மிரட்டலும் அவரை மிகுதியாகச் சூழ்ந்தன. அத்தொகுதியின் சில பகுதிகள் சமயப் பெரியோர் மனத்தைப் புண்படுத்தியது உண்மையே. எனினும் இவருடைய இரண்டையும் நிதானமாகப் படிப்போர், அங்கே கண்டிக்கப்படுவது கணவன்மாரின் அலட்சியமே என்பதைக் காண்பர். அவர் அஞ்சி எழுத்தை விடவில்லை, மருத்துவத்தையும் விடவில்லை.

கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்த அவர், 1934இல் மஹ்மூதுஸ்ஸஃபரை மணந்து அமிர்தசரஸில் குடியேறினார். அங்கே கல்லூரி ஆசிரியராயிருந்த இளங்கவிஞர் ஃபைஸ் அஹமத் ஃபைஸைப் பொதுவுடைமைச் சிந்தனையின்பால் ஈர்த்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு. அலிகார்ப் பள்ளியில் பயின்ற இஸ்மத் சுக்தாயும் இவரைத் தம் முன்னோடியாகக் கொண்டார். முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1936இல் பிரேம்சந்த் தலைமையில் லக்னோவில் கூடியபோது, அதற்கு உழைத்தவர்களுள் இவரும் ஒருவர். 'அவ்ரத்' என்னும் தொகுதி 1937இல் வந்தது. எழுதிய அளவு சிறிதே. நோயாளிகளும் கட்சிப் பணியும் நேரத்தை விழுங்கின.

1949இல் இரயில்வே தொழிலாளர் போராட்டத்தையொட்டிச் சிறை சென்றார்; அங்கே உண்ணாநோன்பும் மேற்கொண்டார். பின்னர்ப் புற்றுநோய் முற்றவே, சிகிச்சைக்காக மாஸ்கோ சென்றவர், 1952 ஜூலை 29 அன்று தம் 46ஆம் வயதில் அங்கேயே உயிர் நீத்தார். மாஸ்கோவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறையில் கம்யூனிஸ்ட் என்பதை அடுத்து மருத்துவர் என்றும், அதன் பின்னரே எழுத்தாளர் என்றும் பொறித்துள்ளனர்.