கூரை திறந்த காரை எல்லோருக்கும் தந்தவர்: செசில் கிம்பர்

வெயில் எறிக்கும் நாட்களில் இங்கிலாந்து வீதிகளில், கூரையைப் பின்னால் மடித்துவிட்டு ஓடும் பழைய எம்.ஜி. கார்களைக் கண்டிருப்பீர்கள். ஐம்பது வயது கடந்த அந்தக் காரில் இன்றும் தினமும் வேலைக்குப் போய்வருவோர் உண்டு. அந்தப் பெயரை உருவாக்கியவர் செசில் கிம்பர்.

1888 இல் பிறந்த கிம்பர், இளவயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, வாழ்நாள் முழுவதும் காலை நொண்டியே நடந்தார். 1922 இல் ஒக்ஸ்போர்ட்டில் மொரிஸ் கராஜஸ் நிறுவனத்தின் பொது முகாமையாளரானார். வில்லியம் மொரிசின் சாதாரணக் கார்களின் அடிச்சட்டத்தில் அழகான உடலைப் பொருத்தி விற்றார். நிறுவனத்தின் முதலெழுத்துகளே எம்.ஜி. ஆயின. சின்ன மொரிஸ் மைனரிலிருந்து உருவான மிட்ஜெட்டின் விலை 175 பவுண். ஸ்போர்ட்ஸ் கார் பணக்காரரின் விளையாட்டுப் பொருள் என்ற நிலை மாறியது. 1929 இல் தொழிற்சாலை அபிங்டனுக்குச் சென்றது.

போர்க்காலத்தில், தலைமையகத்தைக் கேளாமல் விமான வேலைக்கு ஒப்பந்தம் எடுத்தது பிரச்சினையாகி, 1941 இல் விலக்கப்பட்டார். தான் கட்டியெழுப்பிய இடத்திலேயே அவருக்கு இடமில்லை. 1945 பெப்ரவரி 4 ஆம் திகதி, இலண்டன் கிங்ஸ் குரொஸிலிருந்து புறப்பட்ட ரயில் சுரங்கப்பாதையில் சக்கரம் வழுக்கிப் பின்னோக்கி உருண்டது. இறந்த இருவரில் கிம்பரும் ஒருவர்.

அதே ஆண்டு வெளிவந்த எம்.ஜி. டி.சி. நான்கே ஆண்டுகளில் சுமார் 10,000 விற்றது, அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. பின்னர் வந்த எம்.ஜி.பி. 5 இலட்சத்தைத் தாண்டியது. 1980 இல் அபிங்டன் மூடப்பட்டாலும் உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. குளிர்காலையில் சோக்கை இழுத்து, ஒழுகும் கூரையைச் சகித்து, அந்தக் காரைக் கிளப்புகிறவர்கள் இருக்கும்வரை கிம்பரின் வேலை முடியவில்லை.